எட்டு மேசை, ஐந்து டீபாட்: குன்னூர் பங்களாவில் ஒரு பழங்காலத் தேநீர் விருந்து

## பின்னணி

குன்னூரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில், வெள்ளைக்காரர் காலத்து எஸ்டேட் பங்களா ஒன்று விழாக்களுக்கு வாடகைக்கு விடப்படுகிறது. 2025 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு பாட்டிக்கு 75ஆம் பிறந்தநாள். ஏற்பாடு செய்தவர் கோவையில் இருக்கும் அவருடைய மகள். பழைய பீங்கான் கப், மூன்றடுக்குத் தட்டு, பூவேலை மேசைவிரிப்பு எல்லாவற்றையும் வாடகைக்குக் கொண்டுவந்து விருந்தும் நடத்தித் தரும் நால்வர் குழுவிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. விருந்தினர் 32 பேர்: எழுபதைத் தாண்டியவர்கள் ஒன்பது, குழந்தைகள் ஆறு. முட்டை சாப்பிடாதவர்கள் பதினொரு பேர்.

மகள் கேட்டது "ஹை டீ". நம்மூர் ஓட்டல்களில் இந்தப் பெயர்தான் புழங்குகிறது. இங்கிலாந்தில் ஹை டீ என்பது, வேலை முடித்து வந்த தொழிலாளிக் குடும்பம் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இறைச்சி, ரொட்டி, தேநீரோடு வயிறு நிறையச் சாப்பிட்ட சாப்பாடு. பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா 1840களில் பரப்பியதாகச் சொல்லப்படும் சாண்ட்விச், ஸ்கோன் (அடுப்பில் சுட்ட சிறு வட்ட ரொட்டி), சிறு கேக் வகையறா 'ஆஃப்டர்நூன் டீ'. மகள் மனதில் இருந்தது இரண்டாவது. அழைப்பில் அச்சானது முதலாவது. இது வெறும் பெயர்த் தகராறு இல்லை. அழைப்பைப் பார்த்த பெரியவர்களில் சிலர் இரவுச் சாப்பாட்டையும் இங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் வந்திருந்தார்கள்.

இன்னொரு தகவலும் முதல் பேச்சிலேயே கிடைத்தது. பாட்டியின் காலஞ்சென்ற கணவர் இதே மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக, அதாவது தேயிலைத் தயாரிப்பை மேற்பார்ப்பவராக, இருந்தவர். குழு இதைக் குறித்துக்கொண்டது, ஆனால் அலங்காரத் தலைப்பின் கீழ்: அவருடைய பழைய படத்தைச் சட்டமிட்டு வரவேற்பு மேசையில் வைக்க வேண்டும் என்று. தேநீர்த் தலைப்பின் கீழ் யாரும் எழுதவில்லை.

## இடத்தைப் பார்த்தது

பத்து நாள் முன்பு இருவர் போய்ப் பார்த்தார்கள். புல்வெளியில் நடத்த வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை. ஜனவரியில் மூன்றரை மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறினால் விரிப்பெல்லாம் ஈரமாகிவிடும் என்பதால், கண்ணாடிச் சன்னல் போட்ட வராந்தாவில் ஐந்து மேசை, அதை ஒட்டிய கூடத்தில் மூன்று என முடிவானது. மேசைக்கு நான்கு பேர்.

அன்று மூன்று சோதனைகள் நடந்தன. முதலாவது, தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்பது. தெர்மாமீட்டர் 94 காட்டியது. உயரம் ஏற ஏற, 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும், ஆகவே இது எதிர்பார்த்ததுதான். இரண்டாவது, 900 மி.லி. பீங்கான் டீபாட்டுக்குள் அந்தத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தது. குளிர்ந்த டீபாட்டுக்குள் ஊற்றியதும் 81க்கு வந்துவிட்டது. வெந்நீர் ஊற்றிக் கொட்டிச் சூடாக்கிய டீபாட்டுக்குள் 88இல் நின்றது. இந்த ஏழு டிகிரியைச் சமவெளியில் பெரிதாக யாரும் கவனிப்பதில்லை. ஏற்கெனவே ஆறு டிகிரி குறைவாகத் தொடங்கும் இடத்தில், பாட்டைச் சூடாக்காமல் போட்ட டீ நிறம் மட்டும் ஏறி, சாரம் இறங்காமல் நிற்கும். ஊறும் நேரம் நான்கு நிமிடத்திலிருந்து ஐந்தாக மாற்றப்பட்டது.

மூன்றாவது சோதனை மின்சாரம். 1.7 லிட்டர், 1,500 வாட் கெட்டில் மூன்றையும் கூடத்தில் ஒரே சமயம் போட்டுப் பார்த்தார்கள். ஏழு நிமிடத்தில் மூன்றும் கொதித்தன, எதுவும் விழவில்லை. சோதனை தேறியது என்று எழுதிக்கொண்டார்கள். கூடத்துப் பெரிய பிளக்குகள் அத்தனையும் ஒரே 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் (சுமை மிஞ்சினால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) இருந்தன. மூன்று கெட்டில் சேர்ந்தால் 4,500 வாட், ஏறத்தாழ 19.6 ஆம்பியர். எம்.சி.பி. சிறிய மிகுசுமையைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். அன்று அது ஏழு நிமிடம் பொறுத்துக்கொண்டது, அவ்வளவே. போர்டைத் திறந்து எந்தப் பிளக் எதில் இருக்கிறது என்று அன்று பார்த்திருந்தால் இந்த ஆய்வின் பாதியை எழுத வேண்டியிருக்காது.

## பாத்திரங்கள்

நாற்பது ஜோடி கப்-சாசர், ஒன்றுக்கொன்று வேறு வேறு பூ வேலைப்பாடு. ஒரே செட்டாக இல்லாமல் இருப்பதுதான் இந்த வகை விருந்தின் அழகு, வாடகைக்காரருக்கும் அது வசதி: ஒன்று உடைந்தால் செட் கெடாது. ஒவ்வொரு கப்பையும் உள்ளங்கையில் நிறுத்தி விளிம்பில் நகத்தால் சுண்டிப் பார்த்தார்கள். நல்ல போன் சைனா (எலும்புச் சாம்பல் கலந்த மெல்லிய பீங்கான்) மணி போலக் கணீரென்று கேட்கும். மயிரிழை விரிசல் இருந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஓட்டாஞ்சல்லி மாதிரி 'டொக்' என்று ஒலிக்கும். அப்படி மூன்று கப் ஒதுக்கப்பட்டன. மெருகு வலைவலையாக வெடித்து உள்ளே பழுப்புக் கறை ஏறிய இரண்டும் நீக்கப்பட்டன. பழைய பீங்கானின் மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. மெருகு வெடித்த கப்பில் சூடான, புளிப்பான பானம் கொடுப்பது சரியல்ல. அவை பூச்செண்டு வைக்கப் பயன்பட்டன.

மூன்றடுக்குத் தட்டு எட்டு. பழைய தட்டுகளின் நடுவில் வைர முனையால் நீர் விட்டபடி துளையிட்டு, நடுவே கம்பி கோத்துச் செய்தவை. தட்டும் உலோகமும் சேரும் இடத்தில் மேலும் கீழும் ரப்பர் வாஷர் வேண்டும். அது இல்லாமல் முறுக்கினால் தட்டு துளையிலிருந்து விளிம்புவரை விரியும், முறுக்காமல் விட்டால் ஆடும். கோவையிலிருந்து ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில் வாஷர் நகர்ந்துவிடக் கூடும் என்பதால் பிரித்துக் கொண்டுபோய் அங்கே மாட்டுவது வழக்கம். இந்த முறை நேரம் மிச்சம் என்று மாட்டியபடியே கொண்டுபோனார்கள்.

டீபாட் ஐந்து. எட்டு மேசைக்கு ஐந்து பாட் எப்படி வந்தது என்றால், கணக்கு மேசையை வைத்துப் போடப்படவில்லை, லிட்டரை வைத்துப் போடப்பட்டது. குழந்தைகள் நீங்க 26 பேர், கப்புக்கு 150 மி.லி., முதல் சுற்றுக்கு 3.9 லிட்டர், 900 மி.லி. பாட் ஐந்து என்றால் 4.5 லிட்டர், போதும். கணக்கு சரி. ஆனால் மூன்று மேசையில் இருப்பவர்கள் அடுத்த மேசையின் பாட் காலியாகும்வரை வேடிக்கை பார்க்க வேண்டும் என்பது அந்தக் கணக்கில் தெரியாது.

## பண்டங்களின் கணக்கு

சாண்ட்விச் ஆளுக்கு நான்கு துண்டு. ஓரம் நீக்கி ஒரு சாண்ட்விச்சை மூன்று விரலளவுத் துண்டாக வெட்டினால் 43 சாண்ட்விச், 86 ரொட்டித் துண்டு. 800 கிராம் பெரிய ரொட்டி ஐந்து. வெள்ளரிக்காய் 16, முட்டை 14, பாலாடைக்கட்டி வைத்துப் புதினாச் சட்னி தடவியது 13. வெள்ளரியைச் சீவி உப்புத் தூவி இருபது நிமிடம் வடிய விட்டு, துணியில் ஒற்றி எடுத்தார்கள். வெண்ணெயை இரண்டு துண்டிலும் ஓரம்வரை தடவுவது ருசிக்காக மட்டுமல்ல. வெண்ணெய் தொடாத இடத்தில் வெள்ளரித் தண்ணீர் ரொட்டிக்குள் இறங்கிச் சொதசொதவென்று ஆகும். துண்டுக்கு 5 கிராம் வீதம் அரைக் கிலோ வெண்ணெய் வேண்டியிருந்தது.

ஸ்கோன் நாற்பது, எல்லோரும் சாப்பிடும்படி முட்டையில்லாமல். மைதா 1 கிலோ, குளிர்ந்த வெண்ணெய் 200 கிராம், சர்க்கரை 120, உப்பு 10, பால் 550 மி.லி., பேக்கிங் பவுடர் 40 கிராம் என்பது கோவையில் கைகண்ட அளவு. பங்களா அடுப்பில் இதே அளவில் செய்த முதல் சோதனையில் ஸ்கோன் வேகமாக எழும்பி ஒரு பக்கம் சாய்ந்து படுத்தது, வாயில் சோப்புக் கசப்பு. காற்றழுத்தம் குறைந்த இடத்தில் அதே அளவு வாயு கூடுதலாக விரியும். மாவு இறுகுவதற்குள் எழும்பி அமுங்கிவிடும். பவுடரை 30 கிராமாகக் குறைத்து, மாவு சீக்கிரம் காய்வதை ஈடுகட்டப் பாலை 60 மி.லி. கூட்டியதும் நிமிர்ந்து நின்றது. இரண்டரை செ.மீ. கனம், ஐந்தரை செ.மீ. வட்ட அச்சு, நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். அச்சைத் திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு கோணலாகத்தான் எழும்பும். 220 டிகிரியில் 13 நிமிடம். ஓ.டி.ஜி. என்ற சிறு மின் அடுப்பில் ஒரு தடவைக்குப் பத்துதான் கொள்ளும் என்பதால் நான்கு ஈடு.

இங்கிலாந்தின் டெவன் பக்கத்துக் கட்டி க்ரீமில் 55 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு இருக்கும். இங்கே பாக்கெட்டில் கிடைக்கும் க்ரீம் 25 விழுக்காடு. அடித்தாலும் நிற்காது, ஸ்கோனில் வழிந்தோடும். ஆகவே எட்டு லிட்டர் எருமைப்பால் வாங்கி, அகலமான பாத்திரத்தில் கொதிக்க விடாமல் இரண்டு மணி நேரம் சிறு தீயில் வைத்து, அசைக்காமல் ஆறவிட்டு இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். காலையில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கெட்டியான ஏடு கிடைத்தது. மிச்சப் பால் தயிரானது. மொத்த விருந்திலும் எந்தக் குறையும் சொல்ல முடியாத பண்டம் இது ஒன்றுதான்.

மேல் தட்டுக்கு எலுமிச்சைக் கேக் துண்டும் தூத்துக்குடி மக்ரூனும். மக்ரூன் முந்திரியும் முட்டை வெள்ளையும் என்பதால் முட்டை சாப்பிடாதவர்களின் மேசைகளில் அதற்குப் பதில் ஊட்டி வர்க்கி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வர்க்கியைப் பூவேலைத் தட்டில் வைக்கலாமா என்று மகள் முதலில் தயங்கினார். கடைசியில் முதலில் தீர்ந்தது அதுதான்.

சூடாகக் காரமாக ஒன்று வேண்டும் என்று பங்களாச் சமையல்காரர் சொன்னார். "அந்தக் காலத்து மாதிரி" இருக்காது என்று குடும்பம் மறுத்துவிட்டது. அந்தக் காலத்துக் கிளப்புகளில் தேநீரோடு கட்லெட்டும் பப்ஸும் போனதுண்டு. இங்கிலாந்தின் சுத்தபத்தம் இங்கே எப்போதும் இருந்ததில்லை. குழு இதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

## அன்று நடந்தது

பகல் 12:30க்குக் குழு வந்து சேர்ந்தது. 1:30இலிருந்து 2:45க்குள் சாண்ட்விச் முடிந்து, பிழிந்த ஈரத்துணி போர்த்தி வைக்கப்பட்டது. முதல் ஈடு ஸ்கோன் 2:15க்கு உள்ளே போனது. திட்டப்படி 3:30க்கு விருந்தினர் அமர, 3:40க்குள் குடும்பப் படம், உடனே தேநீர்.

3:15க்குக் கெட்டில் மூன்றும் போடப்பட்டன. 3:25க்கு ஐந்து பாட்டையும் சூடாக்கி, பாட்டுக்கு 15 கிராம் ஆர்த்தடாக்ஸ் புரோக்கன் தூளை (இலையை உருட்டிச் செய்த, உடைந்த இலைத் தூள்) நேராக உள்ளே போட்டு, தண்ணீர் ஊற்றிப் பஞ்சு உறை போர்த்தியாயிற்று. அதே நேரம் வேன் ஒன்று வரவில்லை என்று தெரிந்தது. 2024 மே முதல் நீலகிரிக்கு வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். அந்த வேனில் யாரும் எடுத்திருக்கவில்லை. சோதனைச்சாவடியில் நின்று போனில் எடுத்துக்கொண்டு வர 3:38 ஆகிவிட்டது. அவர்கள் இல்லாமல் படம் எடுக்க முடியாது. படம் முடிந்தபோது 3:52.

முதல் கப் 3:54க்குப் பாட்டிக்கு ஊற்றப்பட்டது. அதாவது இலை 29 நிமிடம் தண்ணீரில் கிடந்திருந்தது. பாட்டி கப்பைச் சன்னல் பக்கம் தூக்கி நிறம் பார்த்தார். ஒரு வாய் வைத்துவிட்டுச் சாசரில் மெதுவாக இறக்கி, பரிமாறிய பெண்ணிடம் சொன்னார்: "ஏங் கண்ணு, இதுல தண்ணி ஊத்தி எவ்ளோ நேரமாச்சு? ஆறியும் போச்சு, கசந்தும் போச்சு பாரு."

பஞ்சு உறை சூட்டைக் காக்கும், ஆனால் இலையை வெளியே எடுக்காது. உறை போர்த்தி இலையை உள்ளே விட்டால் கசப்பும் துவர்ப்பும் இறங்கிக்கொண்டே இருக்கும். இது தெரியாதவர்கள் இல்லை குழுவில். படம் பத்து நிமிடத்தில் முடியும் என்று நம்பினார்கள்.

ஐந்து பாட்டும் கொட்டப்பட்டன. 3:57க்குக் கெட்டில் மூன்றும் மறுபடி போடப்பட்டன. இரண்டே நிமிடத்தில் கூடம் முழுக்க மின்சாரம் போயிற்று. எம்.சி.பி.யைத் தூக்கிவிட்டதும் மறுபடி விழுந்தது. கெட்டில் ஒன்று பழுது என்று நினைத்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில் நான்கு நிமிடம் வீண். உண்மைக் காரணம் கூடத்தின் மூலையில் சோபாவுக்குப் பின்னால் இருந்தது. பனிமூட்டம் ஏறிக் குளிர ஆரம்பித்ததும் 3:40 வாக்கில் உறவினர் ஒருவர் பெரியவர்களுக்காக 2,000 வாட் ரூம் ஹீட்டரைப் போட்டுவிட்டிருந்தார். கெட்டிலோடு சேர்த்து 6,500 வாட், 28 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைப் பொறுக்காது. சோதனை நாளில் ஹீட்டர் இல்லை.

## எடுத்த முடிவுகள்

ஹீட்டரை அணைத்துவிட்டுக் கெட்டிலைத் தொடரலாம் என்பது எளிய வழி. ஒன்பது பெரியவர்கள் கூடத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அதைச் செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. அது சரியான முடிவுதான். ஆறிய டீயில் வெந்நீர் கலந்து கொடுக்கலாமா என்ற யோசனையும் வந்தது. கலந்தால் நிறம் சரியாகும், துவர்ப்பு போகாது என்று கைவிட்டார்கள்.

4:05க்கு வேலை சமையலறைக் கேஸ் அடுப்புக்கு மாறியது. சமையல்காரர், "பேசாம பால்ல டஸ்ட்டப் போட்டுக் கொதிக்க வெச்சுரலாமுங்க, பெரியவங்க அதத்தான் குடிப்பாங்க" என்றார். குழுவின் தலைவி அதைப் பாதி ஏற்றார். ஒரு பர்னரில் ஒன்பது பேருக்கு ஒன்றரை லிட்டர் பால் டீ. இன்னொன்றில் மூடி போட்ட பாத்திரத்தில் மூன்று லிட்டர் தண்ணீர், மற்ற 17 பேருக்கு. டீபாட்டுக்குள் இலை போடுவதை அடியோடு விட்டு, பாத்திரத்திலேயே 50 கிராம் தூள் போட்டு அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் மூடி வைத்து, துணியில் வடிகட்டி, சூடாக்கிய பாட்டுகளில் தெளிந்த டீயை மட்டும் ஊற்றுவது என்று முடிவானது. இலை உள்ளே இல்லை என்றால் உறைக்குள் அரை மணி நேரம் இருந்தாலும் டீ ஆறுமே ஒழிய கசக்காது. பழைய வழக்கத்தில் இதற்கு வேறு ஏற்பாடு உண்டு: மேசையில் வெந்நீர்க் குடுவை தனியாக இருக்கும், வீட்டு அம்மாள் ஒவ்வொரு கப்பாக ஊற்றுவார். 32 பேருக்கு, நான்கு ஆட்களை வைத்து, அது நடக்காது.

அதுவரை சாண்ட்விச்சை மட்டும் பரிமாறச் சொன்னார்கள். ஸ்கோனை நிறுத்தி வைத்து, 150 டிகிரியில் நான்கு நிமிடம் சூடாக்கி டீ வரும்போது அனுப்புவது என்றார்கள். ஓ.டி.ஜி. சமையலறையின் தனி இணைப்பில் இருந்ததால் அது நடந்தது.

பால் டீ 4:16க்கு வந்தது. பொங்கிய சூட்டில் அப்படியே ஊற்றியதில், வராந்தா மேசையில் 13 டிகிரிக் குளிரில் கிடந்த கப் ஒன்று கைப்பிடி அடியிலிருந்து விளிம்புவரை 'டிக்' என்று விரிந்தது. யாருக்கும் காயமில்லை, விரிப்பு மட்டும் போயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு கப்பிலும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிய பிறகே டீ ஊற்றினார்கள். 4:24க்கு வடித்த டீ பாட்டிக்குப் போனது. பால் வேண்டாம் என்றுவிட்டு வெறும் டீயாகக் குடித்தார். இரண்டாவது கப்பும் கேட்டார்.

இதற்கிடையில் ஐந்தாம் மேசையின் மூன்றடுக்குத் தட்டு சாய்ந்து நடுத்தட்டு ஸ்கோன் இரண்டு தரையில் விழுந்தன. கம்பியைக் கழற்றியபோது கீழ் வாஷர் துளையை விட்டு நகர்ந்திருந்தது தெரிந்தது. மற்ற ஏழையும் நிறுத்திச் சரிபார்க்க நேரமில்லை. கையால் அழுத்திப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

## பிறகு

விருந்து 6:15க்கு முடிந்தது. முட்டை சாண்ட்விச் ஒன்றும் மிஞ்சவில்லை. வெள்ளரி 19 துண்டு மிஞ்சியது, ஸ்கோன் 11. மக்ரூன் பாதிக்கு மேல் தட்டிலேயே கிடந்தது. தூத்துக்குடியில் டப்பாவைத் திறந்து வைத்தாலே நமுத்துப் போகும் பண்டத்தை மூட்டம் புகுந்த வராந்தாவில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் பல்லில் ஒட்டாமல் என்ன செய்யும்? ஐந்து மணிக்கு மேல் பெரியவர்கள் "காரமா ஏதாச்சும் இருக்குதா" என்று கேட்கத் தொடங்கியதும் சமையல்காரர் தானாகவே ஒன்றரைக் கிலோ வெங்காயத்தில் பக்கோடா போட்டார். பூவேலைத் தட்டில்தான் போனது. மகள் ஒன்றும் சொல்லவில்லை.

பால் ஜாடிகளில் ஒரு சிறு தொல்லை. காய்ச்சிய பாலை ஆறவைத்து ஊற்றியதால் ஏடு படிந்து கப்பில் மிதந்தது. இங்கிலாந்தில் டீக்குச் சேர்ப்பது காய்ச்சாத குளிர்ந்த பால் என்பதால் அங்குள்ள குறிப்புகளில் இந்தச் சிக்கல் வராது. இங்கே ஜாடியில் ஊற்றுமுன் மஸ்லின் துணியில் வடிகட்ட வேண்டும்.

சேதம் ஒரு கப், ஒரு விரிப்பு. முன்பணத்தில் கப்புக்குப் பிடித்தம் செய்யவில்லை. குளிர்ந்த கப்பில் கொதிக்கக் கொதிக்க ஊற்றியது குழுவின் ஆட்கள்தான். மகளுக்குப் படங்கள் திருப்தி. ஆனால் 3:30 என்று அழைத்து 4:24க்கு டீ கொடுத்ததைக் குடும்பத்தில் இரண்டு பேராவது நேராகவே சொன்னார்கள்.

## எதை மாற்ற வேண்டும்

கெட்டிலையும் ஹீட்டரையும் குற்றம் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஹீட்டர் இல்லாதிருந்தாலும் முதல் ஐந்து பாட் கசந்தேதான் போயிருக்கும். அடிப்படைத் தவறு, டீ போடும் நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டியது. வேன் வந்ததா, படம் முடிந்ததா என்பதோடு கட்டியிருக்க வேண்டும். 'கடைசி ஆள் உட்கார்ந்தார்' என்ற சொல் கூடத்திலிருந்து வந்த பிறகுதான் இலையில் தண்ணீர் பட வேண்டும். தண்ணீர் மட்டும் முன்னதாகக் கொதித்து ஃபிளாஸ்க்கில் இருக்கலாம். படத்தை விருந்துக்குப் பின் தள்ளினால் இன்னும் நல்லது, ஆனால் இங்கே ஜனவரியில் ஆறு மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். வெளிச்சம் வேண்டும் என்றால் படம் 3 மணிக்கு, அழைப்பில் குடும்பத்தாருக்குத் தனி நேரம் போட்டு.

பாட் கணக்கு மேசைக் கணக்காக மாற வேண்டும். 900 மி.லி. ஐந்துக்குப் பதில் 600 மி.லி. எட்டு, மொத்தக் கொள்ளளவு கிட்டத்தட்ட அதே, ஆனால் யாரும் பக்கத்து மேசையைப் பார்க்க வேண்டியதில்லை. சின்ன பாட் தீர்ந்ததும் மாற்ற இரண்டு கூடுதலாக.

வெந்நீருக்கு மின்சாரத்தை மட்டும் நம்பக் கூடாது. பழைய பங்களாவில் கேஸ் அடுப்பு முதல் வழி, கெட்டில் துணை. இடம் பார்க்கப் போகும்போது போர்டைத் திறந்து எந்த எம்.சி.பி.யில் எந்தப் பிளக் என்று எழுதி வர வேண்டும். விழா அன்று இருக்கப்போகும் எல்லாவற்றையும் போட்டுச் சோதிக்க வேண்டும்: ஹீட்டர், ஸ்பீக்கர், படக்காரரின் விளக்கு. ஹீட்டர் எங்கே இருக்கும் என்பதைப் பங்களாக்காரரிடம் முன்கூட்டியே பேசி, வேறு இணைப்பில் போட வேண்டும்.

இலையை நேராக டீபாட்டுக்குள் போடுவதைப் பத்துப் பேருக்கு மேற்பட்ட விருந்தில் நிறுத்திவிடலாம். பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி குறையும். அதற்காகப் பாட்டியின் மேசையில் மட்டும் ஒரு பாட், இலையோடு, அருகில் ஆள் நின்று ஐந்தாவது நிமிடத்தில் ஊற்றுவதற்கு. டீமேக்கர் வீட்டு அம்மாளுக்கு அன்று செய்திருக்க வேண்டியதும் அதுதான். குறிப்பில் இருந்த ஒரே முக்கியமான வரியைச் சட்டமிட்ட படத்துக்குச் செலவழித்துவிட்டார்கள்.

மெனுவில் கட்லெட்டோ பப்ஸோ ஒன்று சேர்க்கப்பட வேண்டும். அழைப்பில் 'மாலைத் தேநீர், 3:30 முதல் 5:30 வரை' என்று நேரத்தோடு அச்சாக வேண்டும். ஹை டீ என்ற சொல் வேண்டாம். இ-பாஸ் இணைப்பை அழைப்போடு சேர்த்தே அனுப்பலாம்.

அதே பங்களாவில் மார்ச் மாதம் 24 பேருக்கு இன்னொரு விருந்து நடந்தது. ஆறு மேசை, எட்டு பாட், தண்ணீர் முழுக்க கேஸில், மூன்றடுக்குத் தட்டுகள் பிரித்துக் கொண்டுபோய் அங்கே மாட்டப்பட்டன. உட்கார்ந்த பதினோராவது நிமிடத்தில் எல்லா மேசையிலும் டீ இருந்தது. பால் ஜாடியில் மட்டும் இந்த முறையும் ஏடு மிதந்தது. மஸ்லின் துணி கோவையிலேயே தங்கிவிட்டது.